தபால்காரனுக்குப் பூட்டு

தலைமை அலுவலகக் குடியிருப்பு,
ஜனவரி 11

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நலம் அறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் தங்கள் நலம் போன வாரம் தொலைபேசியிலேயே நன்றாகக் கேட்டது. "என் பொண்ண என்ன, உங்க ஃபைலுக்குள்ள வச்சு நாடா போட்டுக் கட்டிட்டீங்களா?" என்றீர்கள். நான் போனை வைத்துவிட்டேன். வைத்தது தவறு என்கிறாள் என் மனைவி. எடுத்ததே தவறு என்பது என் கருத்து. ஆகவே இனி தபாலில் எழுதுவோம். எழுத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

முதலில் குடும்ப விஷயம். தங்கள் மகளுக்கு, அதாவது என் மருமகளுக்கு, இது நான்காம் மாதம். இரத்த அழுத்தம் ஏறி ஏறி இறங்குகிறது, இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களும் குறைவாக இருக்கின்றன என்று டாக்டரம்மா சொன்னார். வாராவாரம் இரத்தம் பார்க்க வேண்டும். கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரியிலேயே தங்க வேண்டி வரலாம். அவளைத் தங்களிடம் அனுப்பச் சொல்கிறீர்கள். தங்கள் ஊரில் இருப்பது சின்ன ஆஸ்பத்திரி, இங்கே இருப்பது பெரியது. அவ்வளவுதான் காரணம். நாடா எதுவும் இல்லை.

அடுத்து அலுவலக விஷயம். நம் நிறுவனத்தின் ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான பெரிய கணினி தங்கள் பொறுப்பில் இருக்கிறது. அதற்குள் யார் எந்தக் கடவுச்சொல்லோடு நுழைகிறார் என்று தணிக்கை செய்வது என் பொறுப்பு. கல்யாணத்துக்கு முன்பும் இது இப்படித்தான் இருந்தது. சம்பந்தம் செய்துகொண்டதால் என் கண்ணில் விட்ட விளக்கெண்ணெய் காய்ந்துவிடும் என்று தாங்கள் எதிர்பார்த்தால் அது நடக்காது.

பயனர் பட்டியலில் பதினோரு பெயர்களுக்குக் கடவுச்சொல் காலாவதியே ஆவதில்லை. சிலவற்றை யாரும் தொட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. கூட்டத்தில் இதைக் கேட்டதற்கு, "தணிக்கை சாருக்குப் பெட்டியோட மூடி மட்டும்தான் தெரியும்" என்றீர்கள். அறையே சிரித்தது. என் கீழ் வேலை செய்கிறவர்களும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்து வைத்தேன், வேறு என்ன செய்வது.

அந்தப் பதினொன்றையும் எல்லாரையும் போல விதிக்குள் கொண்டுவரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தியும் தணிக்கை அதிகாரியும்


கணினி மையம்,
ஜனவரி 18

சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நாடா என்று சொன்னது தப்புதான். என் வாய் என்றைக்கும் என்னைக் கேட்டுத் திறப்பதில்லை. கூட்டத்தில் மூடி பற்றிச் சொன்னதும் அப்படி வந்ததுதான். ஆனால் சிரித்தது நான் இல்லை, உங்கள் ஆட்கள்.

மூடியைத் திறந்தே காட்டுகிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எங்கள் மெயின்ஃபிரேமுக்குள், அதாவது நாங்கள் பெட்டி என்று சொல்கிற அந்தப் பெரிய கணினிக்குள், வர அனுமதி உள்ளவர்களின் பட்டியல்தான் நீங்கள் சொல்கிற பயனர் பட்டியல். அதில் இருக்கிற எல்லாரும் மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். டாக்டர், நர்ஸ், ஸ்டோர்காரர் எல்லாரும் இருக்கிறார்கள். கூடவே, பெட்டி தன் சொந்த வேலைக்காக வைத்திருக்கிற பெயர்களும் இருக்கின்றன. அதில் ஒன்றுக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் தபால்காரன். லேபில் இரத்தம் பார்த்து முடிவைப் பெட்டியில் ஏற்றுவார்கள். விடியற்காலையில் தபால்காரன் தன் பாஸ்வேர்டைக் காட்டி உள்ளே வருவான், முடிவுகளை வாரி எடுத்துக்கொண்டு போய் அந்தந்த வார்டில் இருக்கும் பிரிண்டரில் அச்சடித்துப் போடுவான். அவனுக்குக் கை கால் கிடையாது, கண்ணும் கிடையாது. பட்டியலில் ஒரு வரி, அவ்வளவுதான் அவன்.

பாஸ்வேர்டு காலாவதிக்குப் பெட்டியிடம் இரண்டு எண் சொல்ல வேண்டும். எத்தனை நாளில் எச்சரிப்பது, எத்தனை நாளில் பூட்டுவது. உங்கள் விதிப்படி அறுபது, தொண்ணூறு. மனிதனுக்கு எச்சரிக்கை போனால் முணுமுணுத்துக்கொண்டே மாற்றிவிடுவான். தபால்காரனுக்குப் போனால் அவன் பெயரில் சேர்ந்துகொண்டே இருக்கும். படிக்க ஆள் ஏது? தொண்ணூறாம் நாள் பிறந்ததும் கதவு பூட்டிக்கொள்ளும். அன்று காலையில் எந்த வார்டுக்கும் தாள் போகாது. அதற்காகத்தான் பதினோரு பெயரை ஒதுக்கி வைத்திருக்கிறேன். சோம்பல் இல்லை.

வருடக்கணக்கில் அவற்றை மாற்றாமல் விட்டது சரியில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். அதற்கு வேறு வழி பேசலாம். குறிப்பிட்ட ஒரு நாளில் நானே உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றுகிறேன், நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள்.

மகளைப் பற்றி. அவள் பெரிய ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கட்டும் என்பதில் நியாயம் இருக்கிறது. நியாயம் இருப்பதால்தான் எனக்குக் கோபம் வருகிறது. அவள் அப்பா போன பிறகு எனக்கு என்று இருப்பது அவளும் இந்தப் பெட்டியும்தான். பெட்டியைப் போட்டுவிட்டு அங்கே வர முடியவில்லை, அவளுக்குத் தலைவலி என்றால்கூட நீங்கள் யாராவது சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. பிரசவத்துக்காவது நான் பக்கத்தில் இருக்க வேண்டும். இதை மட்டும் ஃபைலில் போடாதீர்கள்.

இப்படிக்கு,
சம்பந்தியம்மா


தலைமை அலுவலகக் குடியிருப்பு,
ஜனவரி 27

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

தங்கள் விளக்கத்தை இரண்டு முறை படித்தேன். "வேறு வழி பேசலாம்" என்பது நான் போகிற ஒவ்வொரு அலுவலகத்திலும் கேட்கிற வாக்கியம். பேசி முடித்த அலுவலகம் எதையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

இன்னொன்று. "சம்பந்தி வீடுன்னா சட்டம் வளையும் போலிருக்கே" என்று என் மேலதிகாரி என் காதுபடவே சொன்னார். அதற்கு மேல் எனக்கு இதில் இடம் இல்லை. கையெழுத்திட்ட உத்தரவை இத்துடன் வைத்திருக்கிறேன். விதிவிலக்கு கிடையாது. மனிதர் அல்லாத ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பொறுப்பு அதிகாரி இருக்க வேண்டும். அவர் கையெழுத்து இல்லாமல் அந்தக் கடவுச்சொல்லை யாரும், தாங்கள் உட்பட, மாற்றக் கூடாது. யார் அந்த அதிகாரி என்பதை மையமே முடிவு செய்துகொள்ளலாம்.

பிரசவத்துக்குத் தாங்கள் தாராளமாக வரலாம். மாடி அறையைக் காலி செய்து வைப்பதாக என் மனைவி சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி


கணினி மையம்,
பிப்ரவரி 4

சம்பந்தி அவர்களுக்கு,

உத்தரவு கிடைத்தது. நேற்று, மூன்றாம் தேதி, பதினோரு பாஸ்வேர்டையும் மாற்றி, அறுபது தொண்ணூறு என்ற எண்களை அவற்றுக்கும் சேர்த்துப் போட்டுவிட்டேன். என் ஆபரேட்டர் பெண், "மேடம், தபால்காரனுக்குமா?" என்று இரண்டு தடவை கேட்டாள். அவனுக்கும்தான் என்றேன்.

பொறுப்பு அதிகாரியை நானே முடிவு செய்யலாம் என்றீர்கள். செய்துவிட்டேன். நீங்கள்தான். பதினொன்றுக்கும்.

தபால்காரன் பெயரில் வரும் எச்சரிக்கையைப் பெட்டி இனி ஒரு தாளில் அச்சடிக்கும். அந்தத் தாளையும் கையெழுத்துப் படிவத்தையும் உறையில் போட்டு உங்கள் வீட்டு முகவரிக்கு அனுப்புவேன். அலுவலகத்துக்கு அனுப்பினால் நாலு பேர் பிரிப்பார்கள், பாஸ்வேர்டு சமாசாரம். நீங்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் நான் மாற்றுகிறேன். இல்லாவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், உங்கள் உத்தரவுப்படி.

கையெழுத்துப் போட உங்களுக்கு வலிக்காது என்று தெரியும். உங்கள் வீட்டில் சிரிப்பதற்குக்கூட மூன்று பிரதி எழுதிக் கொடுக்க வேண்டும் என்று மகள் சொல்லியிருக்கிறாள்.

மாடி அறைக்கு உங்கள் வீட்டம்மாவிடம் நன்றி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சம்பந்தியம்மா


கணினி மையம்,
ஏப்ரல் 7

சம்பந்தி அவர்களுக்கு,

அறுபது நாள் ஆகிவிட்டது. முதல் எச்சரிக்கைத் தாள் உள்ளே இருக்கிறது. படிவத்தில் பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டால் போதும்.

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. மகளிடம் கேட்டால், "மாமா இப்பல்லாம் என்கிட்டயும் சரியாப் பேசறதில்லம்மா, நீ என்ன எழுதித் தொலைச்ச?" என்கிறாள். அவள் விளையாட்டாகச் சொன்னதை நான் எழுதியிருக்கக் கூடாது. அவளிடம் கோபப்படாதீர்கள். பெட்டிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, கையெழுத்தை அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
சம்பந்தியம்மா


கணினி மையம்,
ஏப்ரல் 30

சம்பந்தி,

வாரம் ஒன்றாக உறை அனுப்பிக்கொண்டிருக்கிறேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. உங்களுக்குத் தெரிந்த பிடிவாதம் எனக்கும் தெரியும்.

மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டீர்கள் என்று மாப்பிள்ளை சொன்னார். தினமும் விடியற்காலையில் இரத்தம் எடுக்கிறார்களாம். தட்டணுக்கள் ஒரு அளவுக்குக் கீழே போனால் உடனே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்துவிட வேண்டுமாம். அந்தத் தாளை அவள் வார்டுக்குக் கொண்டுபோவது யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என் கணக்குப்படி திங்கட்கிழமை பூட்டு விழும். அன்று விடிவதற்கு முன்பே நான் பெட்டிக்கு எதிரில் உட்கார்ந்திருப்பேன். அதற்குள் உங்கள் கையெழுத்து வந்தால் எல்லாருக்கும் நல்லது.

சம்பந்தியம்மா


தலைமை அலுவலகக் குடியிருப்பு,
மே 7

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

பேத்தி பிறந்திருக்கிறாள். இரண்டு உள்ளங்கையில் அடங்குகிற அளவு. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். பிழைத்துக்கொள்வாள் என்று இன்று காலை டாக்டரம்மா சொன்ன பிறகுதான் பேனாவை எடுத்தேன். மருமகளும் கண் விழித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைத் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். விடியற்காலை நான்கு மணிக்கு இரத்தம் எடுத்தார்கள். ஆறு மணிக்கு வார்டு பிரிண்டரில் தாள் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "தாள் வரலைன்னா லேப்ல இன்னும் பாக்கலைன்னு அர்த்தம், கொஞ்சம் பொறுங்க" என்றார் நர்ஸம்மா. அங்கே அப்படித்தான் பழக்கம். என் மகனுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. படியிறங்கி லேபுக்கு ஓடினான். முடிவு எப்போதோ தயாராகி அங்கேயே கிடந்தது. லேப்காரர் ஒரு துண்டுத் தாளில் எண்ணை எழுதிக் கொடுக்க, அதைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தான். அதைப் பார்த்ததும் டாக்டரம்மா ஆபரேஷனுக்குச் சொல்லிவிட்டார். அப்படியே படுக்கையோடு தள்ளிக்கொண்டு போனார்கள். அரை மணி தாமதித்திருந்தால் இரண்டு பேரும் இல்லை என்று பிறகு சொன்னார்கள்.

தங்கள் பெட்டி அன்று காலை பத்து மணி வரை வாயைத் திறக்கவில்லை. பெட்டியின் மூடி மட்டுமே தெரிந்த நான் கேட்கிறேன், மூடிக்குக் கீழே என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? சொந்த மகள் படுத்திருக்கிற வார்டு என்றுகூடத் தோன்றவில்லையா?

விசாரணைக் குழு போட்டிருக்கிறார்கள். முதல் அறிக்கையை நான்தான் எழுத வேண்டும். தங்கள் விளக்கம் உடனே தேவை.

இப்படிக்கு,
தணிக்கை அதிகாரி


கணினி மையம்,
மே 11

சம்பந்தி அவர்களுக்கு,

பேத்தி பிறந்த செய்தியை அந்தக் கடிதத்திலா நான் படிக்க வேண்டும்? மாப்பிள்ளை முதலிலேயே சொல்லிவிட்டார், இருந்தாலும் எழுத்தில் பார்த்ததும் கொஞ்ச நேரம் என்னால் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. விசாரணை முடியும் வரை ஊரை விட்டு நகரக் கூடாது என்று எனக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மாடி அறை சும்மா கிடக்கிறது.

விளக்கம் கேட்டீர்கள். ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஆபரேட்டர் பெண் கூப்பிட்டாள், எந்த வார்டுக்கும் தாள் போகவில்லை என்று. ஓடினேன். முதலில் லைனைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. பிரிண்டர்களைப் பார்த்தேன், எல்லாம் விழித்துக்கொண்டுதான் இருந்தன. லேபிலிருந்து முடிவுகள் வந்து வரிசையில் நின்றன. எடுத்துப் போக ஆள் இல்லை. பூட்டாக இருக்காது, அது நாளைக்குத்தானே என்று பட்டியல் பக்கமே நான் போகவில்லை. கடைசியில் வேறு எதுவும் மிச்சம் இல்லாமல்தான் தபால்காரனின் வரியைத் திறந்து பார்த்தேன். பூட்டப்பட்டிருந்தது. உங்கள் கையெழுத்து இல்லாமலே புது பாஸ்வேர்டு போட்டுத் திறந்தேன். அப்போது பத்து மணி.

நான் மாற்றியது பிப்ரவரி மூன்றாம் தேதி. மறுநாளிலிருந்து எண்ணினால் திங்கட்கிழமைதான் பூட்டு வரும். பெட்டி மாற்றிய நாளையே முதல் நாளாக எண்ணுகிறது. இத்தனை வருடம் அந்தப் பெட்டியோடு குடித்தனம் நடத்துகிற எனக்கு அது தெரியவில்லை. மனிதர்கள் யாரும் கடைசி நாள் வரைக்கும் விட்டதில்லை, அதனால் பார்க்கிற வாய்ப்பே வந்ததில்லை.

இது போதும், விளக்கம் முடிந்தது என்று எழுதி நிறுத்தியிருக்கலாம். ஆனால் நீங்கள் கேட்ட கேள்வி வேறு. சொந்த மகள் படுத்திருப்பது தோன்றவில்லையா என்று கேட்டீர்கள். தோன்றியது. கையெழுத்து இல்லாமலே மாற்றிவிடலாம் என்று ஒவ்வொரு வாரமும் தோன்றியது. போனை எடுத்து உங்கள் வீட்டம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூடப் போதும். செய்யவில்லை. திங்கட்கிழமை நான் பக்கத்தில் இருக்கும்போது பூட்டு விழட்டும், கொஞ்ச நேரம் விட்டு நானே திறக்கலாம், அந்தக் கொஞ்ச நேரத்தில் உங்களுக்குக் கொஞ்சம் புத்தி வரட்டும் என்று நினைத்தேன். உங்களுக்குப் பாடம் நடத்த ஆசைப்பட்டேன், சம்பந்தி. அதுதான் மூடிக்குக் கீழே நான் செய்துகொண்டிருந்தது.

நீங்கள் ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று மட்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லை. அந்த அளவுக்கா என் மேல் கோபம்?

சம்பந்தியம்மா


தலைமை அலுவலகக் குடியிருப்பு,
மே 15

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

கையெழுத்துப் போட மறுக்கவில்லை. நான் உறைகளைப் பிரிக்கவே இல்லை.

மூன்று பிரதி எழுதிக் கொடுத்துத்தான் என் வீட்டில் சிரிக்க வேண்டும் என்று எழுதினீர்களே, அன்றோடு தங்கள் கையெழுத்து உள்ள உறை எதையும் பிரிப்பதில்லை என்று முடிவு செய்தேன். ஒவ்வொன்றிலும் அப்படி ஒரு வரி இருக்கும், அதைப் படித்துவிட்டு மருமகள் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்தேன். பொறுப்பு அதிகாரி நான் என்று போட்டதையும் கிண்டல் என்றே எடுத்துக்கொண்டேன். எச்சரிக்கை வரும் என்று தாங்கள் எழுதியது நினைவில் இருந்தது. வந்தால் யாராவது சொல்வார்கள் என்று இருந்துவிட்டேன். தங்கள் விளக்கம் வந்த பிறகு நேற்று எல்லாவற்றையும் பிரித்து, தேதி வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றாகப் படித்தேன். மகளிடம் கோபப்படாதீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவளிடம் நான் அந்த மாதம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

கடமை தவறிய அதிகாரிகளைப் பற்றி எத்தனையோ பத்திகள் எழுதியிருக்கிறேன். என்னைப் பற்றி ஒரு வரி எழுத வரவில்லை.

அதனால் ஒரு யோசனை. தாயும் சேயும் பிழைத்துவிட்டார்கள். குழுவுக்கு வேண்டியது ஒரு காரணம், அவ்வளவுதான். "எதிர்பாராத இயந்திரக் கோளாறு" என்று வரைவு எழுதி வைத்திருக்கிறேன். நாள் எண்ணுவதில் பெட்டி ஒரு நாள் முந்திவிட்டது என்பது பொய்யும் இல்லை. தங்கள் வேலைக்கு ஆபத்து இல்லை, எனக்கும் இல்லை. விசாரணை முடிந்தால் அடுத்த வண்டியிலேயே தாங்கள் வந்து பேத்தியைப் பார்க்கலாம். நல்லபடியாக முடிந்ததைக் கிளறுவானேன்? சம்மதம் என்று ஒரு வரி எழுதினால் அனுப்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி


கணினி மையம்,
மே 20

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் யோசனையைப் படித்ததும் எனக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. சம்மதம் என்று எழுதி உறையை ஒட்டியும் விட்டேன். தபாலில் போடக் கிளம்பும்போது மகள் கூப்பிட்டாள். பிரசவத்துக்குப் பிறகு அவள் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அம்மா, அன்னிக்குத் தாள் ஏன் வரலை?" என்று கேட்டாள். சொன்னேன். இயந்திரம், கோளாறு என்றெல்லாம் வாய் வரைக்கும் வந்தது, அவளிடம் சொல்ல முடியவில்லை. உங்களுக்கு எழுதியதையே சொன்னேன்.  எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பக்கத்து பெட்ல ஒருத்தங்க இருந்தாங்க, உனக்குத் தெரியுமா?" என்றாள்.

எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன், நீங்கள் தினமும் அந்த வார்டுக்குப் போனவர். தையல் வேலை செய்கிற பெண்ணாம். புருஷன் லாரியோடு எங்கேயோ போயிருந்தார், துணைக்கு யாரும் இல்லை. அவளுக்கும் அதே நான்கு மணிக்கு இரத்தம் எடுத்தார்கள். அவளுக்காகப் படியிறங்கி ஓட ஆள் இல்லை. அவளுடைய தாள் பத்து மணிக்கு வந்தது, நான் பூட்டைத் திறந்த பிறகு. பிள்ளை தங்கவில்லை. முன்பே வந்திருந்தாலும் சொல்ல முடியாது என்று டாக்டர்கள் சொன்னார்களாம். வந்திருந்தால் ஒருவேளை என்றும் ஒருவர் சொன்னாராம்.

"எல்லாரும் வந்து என் பொண்ணு பொழைச்சதுக்கு சந்தோஷப்பட்டுட்டுப் போறாங்க. நடுவுல ஒரு திரைதாம்மா இருந்துச்சு" என்றாள். அப்புறம், "நீ இப்ப வராத. என்னால உன்னப் பாக்க முடியாது" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஒட்டிய உறையைக் கிழித்துப் போட்டேன். பெட்டியின் மேல் பழி போடாதீர்கள், சம்பந்தி. அறுபது என்றோம், அறுபதில் சொன்னது. வாராவாரம் சொன்னது. தொண்ணூறில் பூட்டு என்றோம், பூட்டியது. நம் இரண்டு பேருக்கும் நடுவில் வேலை செய்தது அது ஒன்றுதான். என்ன நடந்ததோ அதை எழுதுங்கள். வேலை போனால் போகட்டும். அந்தப் பெண்ணுக்கு யாராவது போய்ச் சொல்ல வேண்டும். நான் நகர முடியாமல் கிடக்கிறேன். நீங்கள் போவீர்களா என்று கேட்க எனக்கு உரிமை இல்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

சம்பந்தியம்மா


தலைமை அலுவலகக் குடியிருப்பு,
ஜூன் 10

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். மருமகளுக்குக் கொண்டுபோகிற பழத்தில் இரண்டை அவளுக்கும் கொடுத்துவிட்டு வருவேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அந்தப் படுக்கை காலியாக இருந்ததைப் பார்த்தேன். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் போலிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. தங்கள் கடிதம் வந்த பிறகு அறிக்கையை முதலிலிருந்து திரும்ப எழுதினேன். என் பெயர் முதலில், தங்கள் பெயர் அடுத்து. "யோசிச்சுத்தான் எழுதினீங்களா?" என்று மேலதிகாரி கேட்டார். ஆமாம் என்றேன். இருவரையும் பொறுப்பிலிருந்து விலக்கி நேற்று உத்தரவு வந்திருக்கிறது. தங்களுக்கும் ஒரு பிரதி வரும். இனி தாங்கள் ஊரை விட்டு நகரலாம்.

இன்று காலை அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். மருமகள் தானும் வருவதாகச் சொன்னாள். உடம்பு தேறட்டும் என்றதற்கு, "நீங்க தனியாப் போனா இங்கிலீஷ்ல எதாவது சொல்லிட்டு வந்துடுவீங்க மாமா" என்றாள். குழந்தையை என் மனைவியிடம் விட்டுவிட்டு வந்தாள்.

மாடிப்படிக்குக் கீழே ஒரே அறை. தையல் மெஷின், அதன் மேல் பாதி தைத்த சட்டை. உட்காரச் சொன்னாள். நான் ஆரம்பித்தது என்னவோ ஆபீஸ் பாஷையில்தான். மருமகள் என்னைப் பார்த்தாள். நிறுத்தி, முதலிலிருந்து சொன்னேன். எச்சரிக்கை வந்தது, என் வீட்டு மேஜையில் இருந்தது, நான் பிரிக்கவில்லை என்று சொன்னேன். தங்கள் பங்கையும் தாங்கள் எழுதிய வார்த்தைகளிலேயே சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அவள் அழுவாள், அல்லது வெளியே போகச் சொல்வாள் என்று நினைத்திருந்தேன். பாதி தைத்த சட்டையை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள், "அப்போ அந்தத் தாள் ரெடியாத்தான் இருந்துச்சா?"

இருந்தது என்றேன்.

"நர்ஸம்மாகிட்டப் போய் ஏன் வரலைன்னு கேட்டிருக்கணும்னு நெனச்சேன் சார். அவங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு பேசாமப் படுத்திருந்தேன். கேட்டிருந்தா என் புள்ள இருந்திருக்கும், நான்தான் வாயத் தொறக்காம விட்டுட்டேன்னு இத்தனை நாளா என்னையே திட்டிக்கிட்டிருந்தேன். என் வீட்டுக்காரர்கூட அதைத்தான் சொன்னார்."

 மன்னிப்பு என்ற சொல்லை நான் எடுத்தபோது கையைக் காட்டி நிறுத்தினாள். நாங்கள் எழுந்து வாசலுக்கு வந்த பிறகு பின்னாலேயே வந்து, "அந்த கம்ப்யூட்டர் அம்மாவும் வரணும். என் வீட்டுக்காரர் இருக்கிற நேரமா வரச் சொல்லுங்க. அவர் காதால கேக்கணும்" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

 வீட்டுக்கு வந்ததும் குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போன மருமகள், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து பேத்தியை என் மடியில் வைத்தாள். இதுவரை தந்ததில்லை.

"அம்மாவை வரச் சொல்லுங்க மாமா" என்றாள். "முதல்ல அங்க போகட்டும். அப்புறம் இங்க வரட்டும்."

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி